பைக்குக் கழிக்காத தராசு

ஒருவரை மனதார மூன்று பக்கம் புகழ்ந்து எழுதுவது அவருக்குச் செய்யும் நன்மையா, நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதலா? மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை நன்மை என்று தோன்றும். செவ்வாய்க்கிழமை சோறு வடிக்கும்போது, ‘நான்தானே அதை எழுதினேன்’ என்று நினைவு வரும். கை நின்றுவிடும். கஞ்சியோடு கொஞ்சம் சோறும் போய்விடும்.

அந்த மூன்று பக்கமும் எங்கள் மிஸ்ஸைப் பற்றியவை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பாடசாலையில் கணக்கு மிஸ், சங்கீத மிஸ், சிங்கள மிஸ் என்று பலர் இருந்தார்கள். வெறும் மிஸ் என்றால் அவர் ஒருவர்தான்.

அவர் உளவளத்துணை ஆசிரியை. பேசாத பிள்ளை, காரணமில்லாமல் அடித்துக்கொள்ளும் பிள்ளை, அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் சாப்பாட்டை மறந்த பிள்ளை, இவர்களோடு உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கேட்பதுதான் அவர் வேலை. ஆறு பாடசாலைகளுக்கு அவர் ஒருவர். எங்களுக்குக் கிடைத்தது செவ்வாயும் வியாழனும்.

பதுளை டவுனில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருந்தது. அதனால் எங்கள் பாடசாலையில் ஒரு விசித்திரம் நடந்தது. புதுத்துணி சுற்றி வரும் நீள அட்டைக் குழாய்களும் சட்டைக்குள் வைக்கும் வெள்ளை மட்டைகளும் சேலைப் பெட்டிகளும் கடையிலிருந்து எங்கள் மலைக்கு ஏறி வரத் தொடங்கின. காலை பஸ்ஸில் இரண்டு குழாய்களைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் ஏறினால், கொண்டக்டர் சொல்வார்:

“மிஸ், பீரங்கிக்கும் சேத்து டிக்கட் எடுங்க.”

“அதுக்கு அஞ்சு வயசு ஆகலீங்க. டிக்கட் இல்ல.”

அந்த மட்டைகளில் முகம் வரைவார். சிரிக்கும் முகம், கோப முகம், பசி முகம், ‘யாரும் என்னைப் பார்க்காதீங்க’ முகம். இப்படி நாற்பது, ஐம்பது. ஆறு பாடசாலைகளுக்கும் சேர்த்து மேலிடமான கல்வி அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்திருந்தவை ஒரு கையேடும் ஒரு சுவர்ப்படமும் மட்டும். சுவர்ப்படத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் சப்பாத்துப் போட்டு, புல்வெளியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதை ஏதோ கடை விளம்பரம் என்றே நினைத்திருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் மிஸ் எதையும் யாரிடமும் கேட்டு வாங்கிவிடுவார். தோட்டத்துரையிடம் பழைய மேசை, கோவிலில் மிஞ்சிய வண்ணக் கடதாசி, ஆட்டோக்காரரிடம் கிழிந்த சீட்டுக்குள் இருந்த பஞ்சு. தனக்கென்று ஒரு குண்டூசிகூட அவருக்குக் கேட்கத் தெரியாது. அவர் எப்படி இருக்கிறார் என்று யாராவது கேட்க வாயைத் திறந்தாலே பதில் முந்திக்கொண்டு வந்துவிடும்.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

ஒரு மழைநாளில் பாடசாலைப் படிக்கட்டில் வழுக்கி ஐந்தாறு படிகள் உட்கார்ந்தபடியே இறங்கிவிட்டார். முகங்கள் எல்லாம் காற்றில் பறந்து தேயிலைக்குள் விழுந்தன. குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நான் ஓடிப் போய்த் தூக்குவதற்குள், தரையில் இருந்தபடியே, “நல்லாத்தான் இருக்கேன், அந்தக் கோப முகத்த மட்டும் பிடிங்க, அது ஒண்ணுதான் இருக்கு” என்றார். காலில் அட்டைப்பூச்சி ஒன்று ஏறி இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டினேன். “அதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார். நான் பயந்த சுபாவம். அன்று பயப்பட வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, சிரித்தது தப்போ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் அவரிடம் போனது என் மூத்த மகள் அபிஷாவுக்காக. வீட்டில் அவள் வாய் மூடாது. குழாயில் தண்ணீர் வராததிலிருந்து பக்கத்து லயத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை அவளே அறிவிப்பாள். முதலாம் தரத்தில் சேர்த்த நாளிலிருந்து பாடசாலைக்குள் ஒரு சொல் பேசவில்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். மலசலகூடம் போகக்கூடக் கேட்க மாட்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் காது பார்த்தார்கள், தொண்டை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. உயர்தரம் வரை படித்தவள் நான், இருந்தும் மந்திரித்துக் கயிறும் கட்டினேன். நான் கர்ப்பமாக இருந்தபோது அதிகம் பயந்ததால் வந்ததோ, அதிகம் பேசியதால் வந்ததோ என்று எல்லாப் பழியையும் என் தலையிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

மிஸ் அதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

“அபிஷாம்மா, அவளுக்குப் பேச்சு இருக்கு. இந்த இடத்துக்கு இன்னும் அத எடுத்துட்டு வரல. அவசரப்படுத்தாதீங்க. நீங்களும் அவசரப்படாதீங்க.”

இரண்டாவது பகுதி எனக்கு முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவருக்கென்று ஓர் அறை இல்லை. மண்டபத்தின் மூலையில் பழைய கரும்பலகையைக் குறுக்கே நிறுத்தி, அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நான்காம் தரம். ஒரு பிள்ளை ரகசியமாகத் தன் வீட்டுக் கதையைச் சொன்னால், நான்காம் தரம் முழுவதும் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டும். அதனால்தான் அந்த அட்டைக் குழாய். பிள்ளை ஒரு முனையில் வாயை வைத்து மூச்சுக் காற்றாகப் பேசும். மிஸ் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கதவில்லாத அறைக்கு அவர் கண்டுபிடித்த கதவு அது. அபிஷா முதல் மாதம் குழாய்க்குள் ஊதினாள். இரண்டாம் மாதம் விரலால் தட்டினாள். மிஸ்ஸும் திருப்பித் தட்டினார். இருவரும் இப்படித் தட்டிக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இதுக்குப் பேர் வைத்தியமா’ என்று நான் குழம்பி நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் அபிஷா, “நானும் மிஸ்ஸும் இன்னைக்கு நெறையப் பேசினோம்” என்பாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் தராசு.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து மடுவத்துக்குப் புதிதாக இலக்கம் காட்டும் தராசு வந்தது. கொழுந்து நிறுக்கும் அந்த இடத்தில் பல வருடமாகத் தொங்கிய பழைய கொக்கித் தராசைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். மிஸ் அதைக் கண்டுவிட்டார். அடுத்த வியாழன் அது மண்டபத்து மூலையில், ஒரு பலகையில் ஆணியடித்துத் தொங்கியது. கீழே ஒரு பால்மாத் தகரம் நிறைய ஆற்றுக் கற்கள். பக்கத்தில் ஒரு துணிப் பை.

விளையாட்டு இதுதான். பிள்ளை வந்ததும், இன்றைக்கு மனது எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு கல்லைப் பையில் போட வேண்டும். மிஸ் கொக்கியில் மாட்டி நிறுப்பார். கொப்பியில் எழுதிக்கொள்வார். பெயர் எழுத மாட்டார், நிறை மட்டும்தான். காரணம் கேட்க மாட்டார். போன வாரம் ஒன்றரைக் கிலோ போட்ட பிள்ளை இந்த வாரம் மூன்று போட்டால், “அடடா, இது எந்தப் பக்கம் ஏறுச்சு” என்று தராசைப் பார்த்துக் கேட்பார். பிள்ளையைப் பார்க்க மாட்டார். பிள்ளையும் தராசைப் பார்த்தே பதில் சொல்லிவிடும்.

மாதத்தில் ஒரு நாள் தாய்மாரையும் கூப்பிட்டார். மத்தியான நிறுவை முடிந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் வந்து நின்றார்கள். தராசைக் கண்டதும் பரமேஸ் அக்கா இடுப்பில் கை வைத்தார். அவர் எங்கள் லயத்தில் கடைசி வீடு. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுப்பவர்.

“இந்தப் பயலா. இங்கயும் வந்துட்டானா. மிஸ், இவன் சரியான கள்ளன். என் கொழுந்துல தெனம் ரெண்டு கிலோ தின்னவன்.”

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது பையின் பாரத்துக்கென்று, ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்கள். பைக்குக் கழிப்பது என்று சொல்வோம். எவ்வளவு கழிப்பது என்பதில் சண்டை வராத நாளே இல்லை.

மிஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இங்க பைக்குக் கழிக்கிறது இல்ல. கொண்டு வந்தது முழுசா எழுதப்படும்.”

அதைக் கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. வரிசை வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கல்லைப் போட்டு நிறுத்தார்கள்.

“மிஸ், மாமியாருக்குத் தனிப் பை இருக்கா?”

“ஒரே பைதான் அக்கா. கலந்து போடுங்க.”

பரமேஸ் அக்கா இரண்டு கல்லைப் போட்டுவிட்டு யோசித்தார். “புருசனையும் உள்ள போடலாமா மிஸ்?”

“கொக்கி தாங்காது அக்கா.”

“நான் தாங்குறேன்ல.”

மண்டபமே குலுங்கியது. நான்காம் தரத்து மிஸ்கூட வாய்ப்பாட்டை விட்டுவிட்டு வந்து ஒரு கல் போட்டுவிட்டுப் போனார். என் முறை வந்தபோது நான் நாலு கல் போட்டு, ஒன்றை எடுத்து, மறுபடி போட்டு, அது பெரிதோ என்று சின்னதாக மாற்றி, பின்னால் நின்றவர்கள், “தங்கச்சி, நீ வெங்காயமா வாங்குற” என்று கேட்கும்வரை நின்றேன்.

எல்லோரும் முடித்தபின் ஒரு குரல் கேட்டது.

“மிஸ்ஸ நிறுக்கல.”

சின்னக் குரல். தெளிவான குரல். யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. எனக்குத் தெரியும், தினமும் வீட்டில் கேட்கும் குரல்தானே. அபிஷா பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடசாலைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.  ஓடிப் போய்த் தூக்கலாமா, தூக்கினால் மறுபடி மூடிக்கொள்வாளா, தெரியாததுபோல் நிற்கலாமா என்று மூன்று யோசனை ஒன்றாக வந்ததால் ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

 மிஸ், தினமும் பேசும் பிள்ளையிடம் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

அபிஷா பையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

மிஸ் சிரித்துக்கொண்டே ஒரு கல் போட்டார். அபிஷா அசையவில்லை. இன்னொன்று போட்டார். அவள் பையை இறக்கவில்லை.

பரமேஸ் அக்கா சொன்னார், “மிஸ், பிள்ள கையில இருக்குற பை. பொய்க் கணக்கு வேணாம்.”

அப்புறம் மிஸ் போடத் தொடங்கினார். ஒரு கல், மூன்று கல், ஒரு கை நிறைய. தகரத்தைக் கவிழ்த்தார். கல் தீர்ந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். ஆறு பாடசாலைகளின் கோப்புகளை எடுத்துப் போட்டார். டஸ்டரைப் போட்டார். மடக்கிய குடையைப் போட்டார். தன் கைப்பையைப் போட்டார். பெண்கள் ஒவ்வொன்றுக்கும் சத்தம் போட்டார்கள். “அந்தக் கையேட்டையும் போடுங்க மிஸ்.” போட்டார். பரமேஸ் அக்காவும் நானும் பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினோம். முள் ஒரு சுற்றுச் சுற்றியது. பலகை முனகியது. ஆணி பிடுங்கிக்கொண்டு தராசு, பலகை, பை, கோப்பு எல்லாம் தடாலென்று தரையில் விழுந்தன. கரும்பலகையும் சாய்ந்தது. அதற்கு அந்தப் பக்கம் நான்காம் தரத்தின் முப்பது முகங்கள் தெரிந்தன.

எல்லோரும் சிரித்தோம். மிஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்கள் சிரித்து முடித்தபிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. அபிஷா போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். “எத்தன கிலோ மிஸ்?” என்றாள்.

“தெரியலயே கண்ணு. எழுத முடியல.”

அன்றுதான் அவர் முதன்முதலாகத் தன்னைப் பற்றிச் சொன்னார். பண்டாரவளையில் மாதம் ஒரு சனிக்கிழமை, இதே வேலை செய்கிறவர்கள் சிலர் கூடுவார்களாம். பிள்ளைகளிடம் கேட்டவற்றில் தங்களுக்குத் தாங்க முடியாததை, பெயர் சொல்லாமல் அங்கே பேசலாம். அனுபவம் உள்ள ஒருவர் இருந்து கேட்பார். எங்கே தவறினோம், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வார். மிஸ் ஒரு வருடமாக அங்கே போகவில்லை. சனிக்கிழமைகளில் விளையாட்டுப் போட்டி, பிரத்தியேக வகுப்பு, ஆறு பாடசாலைகளில் ஏதாவது ஒன்றில் ஒரு வேலை.

“அங்க உங்களுக்கு மேல ஒருத்தர் இருந்து பாப்பாரா?” என்றார் பரமேஸ் அக்கா.

“ஆமா அக்கா. நான் செய்யுறது சரியான்னு பாப்பாங்க.”

“கங்காணி வேணுமின்னு அழுகுற ஆள இப்பதான் மிஸ் பாக்குறேன்.”

மறுபடி சிரிப்பு. ஆனால் பரமேஸ் அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “படிச்ச புள்ள, நீ மகஜர் எழுது” என்றார்.

அதுதான் நான் செய்தது.

எங்கள் பக்கம், எல்லோரும் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பும் மகஜரை எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வந்த வேலையை உடனே சொல்லக்கூடாது. அது மரியாதை இல்லை. முதலில் மனம் குளிரப் புகழ வேண்டும். பெறுபவரைப் புகழ வேண்டும், யாருக்காகக் கேட்கிறோமோ அவரைப் புகழ வேண்டும். கேட்க வந்ததைக் கடைசியில், கூச்சத்தோடு, இரண்டு வரியில் வைக்க வேண்டும். தண்ணீர்த் தாங்கிக்கும் அப்படித்தான் எழுதினோம், பாதைக்கும் அப்படித்தான் எழுதினோம்.

மூன்று நாள் எங்கள் வீட்டுக் கட்டிலில் கடதாசியாகக் கிடந்தது. பதுளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் என் கணவர் பின்னேரம் வந்து, உட்கார இடம் தேடி, “இதென்ன புள்ள, மிஸ்ஸுக்குக் கோவில் கட்டப் போறியா” என்று கேட்டார். தாய்மார் வாசலில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். தராசை எழுதினேன். குழாயை எழுதினேன். ஐம்பது முகத்தையும் எழுதினேன். ‘ஒரு சதச் செலவில்லாமல் ஆறு பாடசாலைகளையும் தாங்குகிறார்’ என்று எழுதினேன். ‘ஊமை என்று சொல்லப்பட்ட என் மகளைப் பேச வைத்தார்’ என்று எழுதியபோது எழுத்து கொஞ்சம் கலங்கியது, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எழுதினேன். நான்காம் பக்கத்தின் அடியில், ‘ஆகவே அன்னாருக்குக் கதவுள்ள ஓர் அறையும், மாதம் ஒருமுறை தன் துறை சார்ந்தவர்களைச் சந்திக்க விடுப்பும், சில உபகரணங்களும் தந்துதவுமாறு’ என்று முடித்தேன். எழுபத்துச் சொச்சம் கையெழுத்து. பரமேஸ் அக்கா இரண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்று புருசனுக்காம்.

பதில் விரைவாகவே வந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

இவ்வளவு திறமையுள்ள ஒருவர் ஆறு பாடசாலைகளோடு நின்றுவிடக் கூடாது என்று மேலிடத்தில் நினைத்திருக்கிறார்கள். மாகாணம் முழுவதும் உள்ள புதிய உளவளத்துணை ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, உபகரணம் செய்யக் கற்றுக்கொடுக்க, மிஸ்ஸை மொனராகலைக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எழுதிய வரிகளில் சில இடமாற்றக் கடிதத்திலேயே இருந்தனவாம். மூன்று பக்கமும் நன்றாக வேலை செய்திருந்தன. நான்காம் பக்கத்துக்கு யாரும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்தில் ஒரு வாரம் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரமேஸ் அக்கா மட்டும் சொன்னார், “கொழுந்து நல்லா இருக்குன்னு கத்திச் சொன்னா, பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து எடுத்துட்டுப் போகாம என்ன செய்வான்.”

போகும் நாளில் மிஸ் குழாய்களையும் முகங்களையும் எங்களுக்கே விட்டுப் போனார். தராசை மறுபடி ஆணியடித்து, இந்தத் தடவை நான்கு ஆணி, தொங்கவிட்டார். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, “அபிஷாம்மா, எனக்கென்ன” என்று தொடங்கினார். பக்கத்தில் நின்ற அபிஷா நிமிர்ந்து பார்த்தாள். மிஸ் வாயை மூடிக்கொண்டார். பிறகு, “கொஞ்சம் பயமாத்தான் இருக்கு” என்றார். பஸ் வந்தது. “பீரங்கி எங்க மிஸ்?” என்றார் கொண்டக்டர்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். மொனராகலையில் வெயில் தாங்கவில்லையாம். அறை கிடைத்திருக்கிறது. கதவு இருக்கிறது. கதவை மூடினால் வேர்க்கிறது, திறந்தால் எல்லோருக்கும் கேட்கிறது, அதனால் மறுபடி குழாய் செய்திருக்கிறாராம். இருவரும் சிரித்தோம். பிறகு சொன்னார்.

“இங்க ஒரு அம்மா இருக்காங்க. ரொம்ப வருசம் இந்த வேல செஞ்சவங்க. மாசம் ஒரு தடவ நாங்க நாலஞ்சு பேர் போய் அவங்ககிட்ட உக்காருவோம். முதல் தடவ எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன்னேன். அவங்க மேசையில இருந்த ஃபைலை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, சும்மா உக்காந்திருந்தாங்க. எனக்கு அபிஷா பையப் பிடிச்சுக்கிட்டு நின்ன மாதிரியே இருந்துச்சு. ஒரு மணித்தியாலம் பேசினேன் அபிஷாம்மா. நானேதான் பேசினேன்.”

அப்படியானால் நான் எழுதியது நன்மைதானே. போனை வைத்துவிட்டு ஆடாத குறையாகச் சோற்றை வடித்தேன். அன்று ஒரு பருக்கை சிந்தவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பாடசாலைக்குப் போனேன். மூலையில் தராசு தூசி பிடித்துத் தொங்கியது. கற்களை வைத்துப் பிள்ளைகள் வேறு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கேள்வி வந்துவிட்டது.

இரண்டு வருடம் அந்த மூலை வெறுமையாக இருந்தது. இப்போது எட்டு மாதமாக ஒரு புதிய மிஸ் வந்திருக்கிறார். பண்டாரவளைப் பிள்ளை, மிகவும் இளையவர். எங்கள் மிஸ்ஸிடம்தான் மொனராகலையில் பயிற்சி எடுத்தாராம். வந்த முதல் நாளே தராசைத் துடைத்துவிட்டு, “இங்கதான் இது இருந்துச்சா” என்று தொட்டுப் பார்த்தார். அபிஷா இப்போது நான்காம் தரம், கரும்பலகைக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள். வகுப்பில் அவள் பேச்சை நிறுத்த முடியவில்லை என்று மூன்று முறை என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மூன்று முறையும் நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் சின்னவள் வருகிற தை மாதம் முதலாம் தரத்துக்குப் போகிறாள். அவளும் வெளி ஆட்களைக் கண்டால் தரையைத்தான் பார்க்கிறாள்.

புதிய மிஸ்ஸுக்கும் ஆறு பாடசாலைகள். அவருக்கும் அறை இல்லை. அவருக்கும் பண்டாரவளைச் சனிக்கிழமைகள் தவறிப் போகின்றன. போன வியாழக்கிழமை மழையில் நனைந்து வந்தவரிடம், “என்ன மிஸ், காய்ச்சலா” என்று கேட்டேன்.

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்” என்றார்.

 பக்கத்தில் நின்ற பரமேஸ் அக்கா என் முழங்கையில் இடித்தார். “மகஜர் எழுது புள்ள.”

கட்டிலில் மறுபடி கடதாசி விரித்திருக்கிறேன். புகழாமல் எழுதினால், ‘இவருக்கு ஏன் அறை’ என்று மேலே கேட்பார்கள். புகழ்ந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கேட்பதை முதல் பக்கத்தில் வைத்தால் மரியாதைக் குறைவு என்று தாய்மார் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. ‘சுமாரான ஆசிரியை, ஆனாலும் ஒரு கதவு கொடுங்கள்’ என்று ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். கணவர் படித்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

பிள்ளை வளர்த்தவர்கள், பாடசாலையில் வேலை செய்கிறவர்கள், மகஜர் எழுதி வென்றவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அவருக்கு வேண்டியதும் கிடைக்க வேண்டும், அவரும் எங்களிடமே இருக்க வேண்டும். அதற்கு இந்தப் புகழில் பைக்கென்று எத்தனை கிலோ கழிக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை பரமேஸ் அக்கா கையெழுத்துப் போட வருகிறார். புருசனுக்கும் சேர்த்து.